மாட்டுக் கொட்டகையில் மூச்சுவிட்ட குழாய்

சாம்பிராணிப் புகை கீழ்நோக்கிப் போகும் என்பதை அன்றுதான் பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை காலை. பூவத்துக்குப் பக்கத்தில், கடலிலிருந்து இரண்டு கல் உள்ளே தள்ளி இருக்கிற ஒரு சின்ன ஊர். ராஜாத்தி அக்காவின் மாட்டுக் கொட்டகையில், சாணத்துக்கும் ஈர வைக்கோலுக்கும் நடுவே, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு குந்தியிருந்தேன். சிமெண்ட் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்கு ஒரு பிளாஸ்டிக் குழாய் நீட்டிக்கொண்டிருந்தது. அதற்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, ஒரு முழம் கதம்பமும் சுற்றியிருந்தார்கள்.

அக்கா தூபக்காலை அதன் வாயருகே காட்டினார். புகை மேலே எழும்பவில்லை. மெதுவாக வளைந்து குழாய்க்குள் இறங்கியது.

“பாத்தீங்களா மேடம்? உள்ள ஆத்தா மூச்சு இழுக்குறா” என்றார் அக்கா. கண் கலங்கியிருந்தது.

எனக்கும் மயிர்க்கூச்செறிந்தது. அவருக்குப் பக்தியால். எனக்கு, மூன்று மாதமாக ஊர் ஊராக நாய்படாத பாடுபட்டுத் தேடிய ஒன்று காலடியில் கிடைத்துவிட்டதால். மாட்டுக் கொட்டகை என்றும் பார்க்காமல் சிலுவை போட்டுக்கொண்டேன்.

டேப் விடுகிற அம்மா

என் வேலை என்னவென்று என் மாமியாருக்கே கல்யாணமாகிப் பல வருடம் வரை விளங்கவில்லை. “கிணத்துல டேப்பு விட்டுப் பாப்பா, அதுக்கு கவர்மெண்டு சம்பளம்” என்று பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டிருப்பார். அதில் தப்பு ஒன்றும் இல்லை. வேலை அதுதான்.

நிலத்தடி நீர்ப் பிரிவில் நான் தொழில்நுட்ப உதவியாளர். காரைக்கால் வட்டாரத்தில் அங்கங்கே கண்காணிப்புக் கிணறுகள் இருக்கின்றன. மாதம் ஒருமுறை ஸ்கூட்டியில் போய், இரும்பு டேப்பின் நுனியில் சாக்பீஸைத் தேய்த்து உள்ளே விடவேண்டும். எவ்வளவு தூரத்துக்குச் சாக்பீஸ் நனைந்திருக்கிறது என்று பார்த்தால் தண்ணீர் எங்கே நிற்கிறது என்று தெரிந்துவிடும். பிறகு ஒரு பாட்டிலில் தண்ணீர் பிடித்து உப்பு மீட்டரை முக்கி, அது காட்டும் எண்ணை எழுதிக்கொள்ள வேண்டும்.

திருநள்ளாற்றுப் பக்கம் சனிக்கிழமையில் மட்டும் போகமாட்டேன். ஊர் கொள்ளாத கூட்டம். ஒருமுறை தெரியாமல் போய்விட்டேன். கிணற்றுக்குள் நான் டேப் விடுவதைப் பார்த்து, அது ஏதோ பரிகாரம் என்று நினைத்து, வெளியூர்க்காரர் ஒருவர் எனக்குப் பின்னால் வந்து நின்றார். அவர் பின்னால் இன்னும் நான்கு பேர். “இங்க என்ன பண்ணணும்மா?” என்று பயபக்தியோடு கேட்டார்கள். “தண்ணியை வீணாக்காம இருந்தா போதும்” என்றேன். ஒரு அம்மா நிஜமாகவே கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

சரி, கதைக்கு வருகிறேன்.

நான் செய்த கெட்டிக்காரத்தனம்

இந்தச் சின்ன ஊருக்கென்று ஒரு பொது போர் உண்டு. ஊரே அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கும். காலையிலும் சாயங்காலமும் மோட்டார் ஓடும். அதை ஓட்டுபவர் சேகர்.

திடீரென்று அந்தத் தண்ணீர் கரிக்க ஆரம்பித்தது. முதலில் கண்டுபிடித்தது என் மீட்டர் இல்லை, ஊர்ப் பெண்கள். டீ போட்டால் பால் திரிகிறது என்றார்கள். பருப்பு வேகவே மாட்டேன் என்கிறதாம். தலைக்குக் குளித்தால் முடி சிக்குப் பிடித்துக்கொள்கிறதாம். நான் போய் மீட்டரை முக்கினேன். எண் எகிறியிருந்தது.

அந்தச் சமயத்தில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் இருந்தது. அப்போதுதான் ஒரு பயிற்சி வகுப்பு முடித்துவிட்டு வந்திருந்தேன். கடலோரத்தில் உப்பு என்றால் கடல்தானே? யோசிக்கவே இல்லை. ‘கடல் நீர் நிலத்தடியில் ஊடுருவிவிட்டது’ என்று நான்கு பக்க அறிக்கை எழுதி, வண்ண வண்ணமாக ஒரு வரைபடமும் போட்டு அதிகாரியிடம் கொடுத்தேன். அவருக்கு மிகவும் பிடித்துப்போனது. “பிரமாதம்மா. அப்ப இந்த போரை மூடிட வேண்டியதுதான்” என்றார்.

அப்படி ஒரு கோப்பு கிளம்பியது. போரை மூடிவிட்டால் ஊருக்கு வாரம் இரண்டு முறை லாரித் தண்ணீர். குடத்தோடு ரோட்டில் நிற்க வேண்டும். இந்த ஊர்ப் பெண்கள் ஒருநாளும் தண்ணீருக்கு அப்படி நின்றதில்லை.

பட்டினச்சேரியில் குடித்த தண்ணீர்

அந்த வரைபடத்தைச் சட்டம் போட்டு மாட்டாத குறையாக என் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்தேன். ஒரு மத்தியானம் சாப்பாட்டு டப்பாவை அதன்மேல் வைத்துவிட்டுக் கை கழுவப் போனேன். திரும்பி வரும்போது எனக்கு வேறு ஏதோ ஞாபகம் வந்தது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் பட்டினச்சேரிக்குப் போயிருந்தேன். கோடை. நாக்கு வறண்டு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. மீன் கூடையை இறக்கிவைத்திருந்த ஒரு அம்மாவிடம் தண்ணீர் கேட்டேன். அவர் எழுந்து நடந்து, அலை வந்து போகிற இடத்துக்கு மேலே இருந்த மணல்மேட்டில் ஒரு ஊற்றிலிருந்து செம்பில் மொண்டு கொடுத்தார். இளநீரைப் போலத் தித்தித்தது. “கடலுக்குப் பக்கத்துல எப்படிம்மா?” என்று கேட்டேன். “மழத் தண்ணி மணல்ல தங்கிக் கெடக்கு. கடல் அது பாட்டுக்கு அங்க கெடக்கு. ரெண்டுக்கும் சண்டையா?” என்றார்.

சாப்பாட்டு டப்பாவை நகர்த்திவிட்டு வரைபடத்தை மறுபடி பார்த்தேன். பொது போருக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு தென்னந்தோப்பு. அதில் இதே ஆழத்தில் எங்கள் கண்காணிப்புக் கிணறு ஒன்று இருக்கிறது. அதில் உப்பு இல்லை. போருக்கு மேற்கே இன்னொரு கிணறு. அதிலும் இல்லை. நடுவில் இந்த ஒன்றில் மட்டும் உப்பு. கடல் என்ன பஸ் ஏறி வந்து, இந்த ஒரு ஸ்டாப்பில் மட்டும் இறங்கியதா?

வெட்கமாக இருந்தது. அந்த எண்களை எழுதியவளே நான்தான். எழுதினேனே தவிரப் பார்க்கவில்லை.

அந்தப் பக்கத்து மண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. மேலே கொஞ்ச ஆழத்தில் இருக்கிற தண்ணீர் எப்போதுமே உப்புதான். அதற்குக் கீழே தடிமனாகக் களிமண். அதற்கும் கீழேதான் நல்ல தண்ணீர். மேலே இருக்கிற உப்பு கீழே இறங்காமல் அந்தக் களிமண் காவல் காக்கிறது. அதில் யாராவது ஓட்டை போட்டு, அந்த ஓட்டையை அப்படியே விட்டிருந்தால்?

பழைய போர் ஒன்று எங்கோ இருக்க வேண்டும். இரும்புக் குழாய் துருப்பிடித்து ஓட்டையாகி, மேல் தண்ணீர் அதன் வழியே கீழே கொட்டிக்கொண்டிருக்க வேண்டும்.

“நாங்க எதையும் மூடலையே”

அந்த ஊரிலும் சுற்றியிருந்த ஊர்களிலும் மூன்று மாதம் வீடு வீடாகப் போய்க் கேட்டேன். “பழைய போர் எதையாவது மூடியிருக்கீங்களா?” எல்லோரும் சத்தியம் செய்யாத குறையாக, “இல்லைங்க, நாங்க எதையும் மூடலையே” என்றார்கள். அந்தோணியாரிடம் வேண்டிக்கொண்டேன். எங்கள் வீட்டில் சாவி தொலைந்தாலும் ரேஷன் கார்டு தொலைந்தாலும் அவரிடம்தான் கேட்போம். தொலைந்த போரைத் தேடித் தரச்சொன்னது அநேகமாக நான் மட்டும்தான்.

அந்த ஊர்க்காரர்கள் பொய் சொல்லவில்லை. எங்கள் பக்கத்தில் யாரும் கிணற்றை முழுதாக மூடமாட்டார்கள். பாவம் என்பார்கள். மூடியே ஆகவேண்டுமென்றால் ஒரு சின்னக் குழாயை வெளியே விட்டு, உள்ளே இருக்கிறவள் மூச்சுவிட வழி வைத்துவிட்டுத்தான் மேலே கல்லைப் போடுவார்கள். அவர்கள் கணக்கில் அது மூடியது ஆகாது.

கடைசியில் சேகர்தான் போகிற போக்கில் சொன்னார். “ராஜாத்தி அக்கா வீட்டுக் கொட்டாயில பூமி மூச்சு விடுதாம் மேடம். வெள்ளிக்கிழமை பூசை போடுறாங்க. காலையில உள்ள இழுக்குதாம், அப்புறம் வெளிய விடுதாம்.”

பொது போரின் மோட்டார் ஓடுவதும் காலையில்தான். இரண்டுக்கும் நடுவே கூப்பிடு தூரம்.

அப்படித்தான் அந்த வெள்ளிக்கிழமை நான் கொட்டகையில் குந்தியிருந்தேன்.

போனில் நிறுத்திய மூச்சு

புகை உள்ளே போய்க்கொண்டிருந்தது. நான் சேகருக்குப் போன் போட்டு, “மோட்டாரை நிறுத்துங்க” என்றேன்.

காத்திருந்தோம். மாடு வாலைச் சுழற்றி ஈ விரட்டியது. புகை தயங்கியது. பிறகு நிமிர்ந்து மேலே எழும்பியது. இன்னும் கொஞ்ச நேரத்தில் குழாய் புகையை வெளியே தள்ளத் தொடங்கியது.

“மறுபடி போடுங்க” என்றேன். போட்டார். புகை தலை குனிந்து உள்ளே போனது.

ராஜாத்தி அக்காவின் முகம் சிவந்துவிட்டது. “என் ஆத்தா மூச்ச நீ போன்ல நிறுத்துறியா?” என்றார். ‘மேடம்’ போய்விட்டது, ‘வாங்க’வும் போய்விட்டது.

விளக்கிச் சொன்னேன். மோட்டார் இழுத்தால் அடியில் தண்ணீர் இறங்குகிறது, அதனால் குழாய் காற்றை உறிஞ்சுகிறது. நின்றால் தண்ணீர் ஏறிக் காற்றைத் தள்ளுகிறது. இந்தக் குழாயும் ஊர் போரும் ஒரே தண்ணீரில்தான் நிற்கின்றன. “காதை வச்சுக் கேளுங்கக்கா” என்றேன். அவர் வேண்டாவெறுப்பாகக் குனிந்து கேட்டார். உள்ளே சளசளவென்று தண்ணீர் விழுகிற சத்தம். மேலே இருக்கிற உப்புத் தண்ணீர், ஓட்டைக் குழாய் வழியே, ஊர் குடிக்கிற தண்ணீரில் விழுந்துகொண்டிருந்தது.

நிமிர்ந்து உட்கார்ந்து அவரே சொன்னார். அந்த போர் அவருடைய மாமனார் வயலுக்காகப் போட்டது. ஓய்ந்துபோனதும், இப்போது உயிரோடு இல்லாத கணவர் அதன்மேல் கொட்டகை கட்டி, மூச்சுக்குக் குழாய் விட்டிருக்கிறார்.

“அதுக்கு என்ன செய்யணும்ங்கிற?”

“அடியிலேருந்து சிமெண்ட் விட்டு முழுசா அடைக்கணும்க்கா.”

“முடியாது” என்றார். எழுந்து வீட்டுக்குள் போய்விட்டார்.

ஏழு மாதம்

பிடிவாதம் என்று நினைத்து எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பின்னாலேயே போனேன். உள்ளே பார்த்ததும் கோபம் போன இடம் தெரியவில்லை. அவருடைய மகள் கவிதா, வளைகாப்பு வளையல் இரண்டு கையிலும் குலுங்க, காலைத் தலையணைமேல் தூக்கிவைத்து உட்கார்ந்திருந்தாள். ஏழு மாதம். பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். கணுக்கால் வீங்கியிருந்தது.

“எதுத்த வீட்டுல முன்னாடி மூச்சுக்கு வழி விடாம கிணத்தத் தூத்து மூடுனாங்க” என்றார் அக்கா என்னைப் பார்க்காமல். “மருமவ வயித்துல புள்ளையோட இருந்தா. தங்கல. நான் கண்ணால பாத்தேன். எம் பொண்ணு புள்ளைய பெத்து எந்திரிக்கட்டும். அப்புறம் நீங்க வீட்டையே இடிச்சிட்டுப் போங்க, நான் ஒண்ணும் சொல்லல.”

பிள்ளை பிறக்க இன்னும் இரண்டு மாதம் இருந்தது. கோப்பு மாதக் கடைசியில் கையெழுத்தாகிவிடும். பொது போரை அடைத்துவிட்டால் பிறகு யார் தலைகீழாக நின்றாலும் திறக்கமாட்டார்கள். ஆனால் அந்த முகத்தைப் பார்த்து இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நானும் இரண்டு பெற்றவள்.

கவிதாதான் பேசினாள்.

“ஏம்மா, டாக்டர் எனக்கு என்ன சொன்னாங்க?”

“என்ன சொன்னாங்க?”

“உப்ப குறைக்கச் சொன்னாங்க. நீ கொழம்புல குறைக்கிற, ரசத்துல குறைக்கிற, ஊறுகாயக் கண்ணுலயே காட்ட மாட்டேங்குற. நாள் பூரா நான் குடிக்கிற தண்ணியில யாரும்மா குறைக்கிறது?”

அக்கா மூலையில் இருந்த குடத்தைப் பார்த்தார். மகளின் காலைப் பார்த்தார். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

“புதன்கிழமை நல்ல நாளு” என்றார். “பால் ஊத்தி, பூசை போட்டு, அவகிட்ட சொல்லிட்டுத்தான் அடைக்கணும். திடுதிப்புன்னு செய்யக் கூடாது. சம்மதமா?”

“ஆயிரம் தடவை சம்மதம்க்கா” என்றேன்.

தப்பு என்று எழுதிக்கொடுத்தேன்

மறுநாள் அதிகாரி முன்னால் போய் நின்று, என் அறிக்கை தவறு என்று ஒரு பக்கக் கடிதம் கொடுத்தேன். அவர் இரண்டு முறை படித்தார். “என் சர்வீஸ்ல, தப்புப் பண்ணிட்டேன்னு எழுதிக் குடுத்த முதல் ஆளு நீங்கதாம்மா” என்றார். அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்வதா என்று இன்றுவரை தெரியவில்லை. மாதக் கடைசிக் கையெழுத்துவரை அவகாசம் கொடுத்தார். அதற்குள் எண் இறங்க வேண்டும், இல்லையென்றால் பழைய முடிவுதான் என்றார்.

புதன்கிழமை போர்செட் மாரிமுத்து தன் ஆட்களோடு வந்தார். தரையை உடைத்தார்கள். அக்கா குழாயின் வாயில் பால் ஊற்றி, கற்பூரம் காட்டி, குனிந்து ஏதோ மெதுவாகப் பேசினார். நான் கேட்கவில்லை. கேட்கிற விஷயமும் இல்லை. பிறகு நகர்ந்து, “செய்ங்க” என்றார். மாரிமுத்து ஒரு நீளக் குழாயை அடிவரை இறக்கி, சிமெண்ட் கரைசலைக் கீழிருந்து மேலாக ஏற்றினார். மத்தியானம் ஆனது. சாம்பல் நிறக் குழம்பு வாய்வரை வந்து நின்றது. காதை வைத்துக் கேட்டேன். சத்தமே இல்லை.

ஏற்கெனவே இறங்கிய உப்பு வெளியேற வேண்டுமே. சேகர் பொது போர் மோட்டாரை நாள் முழுக்க ஓட்டி, தண்ணீரை வடிகாலில் விட்டார்.

முதல் வாரம் மீட்டரை முக்கினேன். எண் இறங்கவில்லை. கொஞ்சம் ஏறியிருந்தது.

அந்த வாரம் நான் பட்ட பாட்டை எழுதி முடியாது. ராத்தூக்கம் இல்லை. எண் போனால் போகட்டும், லாரித் தண்ணீர் வந்தால் வரட்டும், அந்தப் பெண்ணுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? எந்த விஞ்ஞானத்தைச் சொல்லி ராஜாத்தி அக்கா முகத்தில் விழிப்பேன்? அந்தோணியார் கோவிலில் போய் மெழுகுவர்த்தி ஏற்றினேன். பக்கத்தில் இருந்தவர் யாருக்கு என்று கேட்டார். எனக்குத்தான் என்றேன்.

இரண்டாம் வாரம் எண் அசைந்தது. மூன்றாம் வாரம் சரசரவென்று இறங்கியது. மீட்டர் கெட்டுப்போய்விட்டதோ என்று அலுவலகத்திலிருந்து இன்னொரு மீட்டரை எடுத்துவந்து முக்கினேன். அதுவும் அதையேதான் காட்டியது. நான் போரடியிலேயே “சேகர்!” என்று கத்தினேன். அவர் ஷாக் அடித்துவிட்டது என்று நினைத்து, மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு ஓடிவந்தார். விஷயம் தெரிந்ததும் குழாயடியிலேயே விசிலடித்தார். குடத்தோடு நின்ற பெண்கள் ஆளுக்கு ஒரு கை அள்ளிக் குடித்துப் பார்த்தார்கள். ஒருத்தி குடித்துவிட்டு என் தலையிலேயே மிச்சத்தைத் தெளித்தாள். நான் முழுக்க நனைந்துபோய்த்தான் அலுவலகத்துக்குப் போனேன். அதிகாரி எண்ணைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கோப்பில் குறுக்கே ஒரு கோடு போட்டார்.

கவிதாவுக்குக் காரைக்கால் ஆஸ்பத்திரியில் சுகப்பிரசவம். பெண் குழந்தை. பார்க்கப் போன என்னிடம் அக்கா பிள்ளையைத் தூக்கிக் கொடுத்தார். “பாருங்க மேடம், குத்துக்கல்லாட்டம் இருக்கா” என்றார். ‘மேடம்’ திரும்பி வந்துவிட்டது. நான் அழுதேன். அவர் அழவில்லை, சிரித்தார்.

நண்டலாற்றுப் பாலம்

அத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். குழந்தைக்கு முப்பது நாள் கழிந்த மறுவாரம், ராஜாத்தி அக்கா என் அலுவலகத்துக்கே வந்தார். இடுப்பிலிருந்து ஒரு நோட்டுத் தாளை எடுத்து மேஜைமேல் விரித்தார். கவிதாவின் கையெழுத்து. பதினோரு பெயர்கள்.

“இவ்வளவு வீட்டுலயும் பழைய கொழாய் இருக்கு. கோழிக் கூண்டுக்குக் கீழ ஒண்ணு, கக்கூஸ் பக்கத்துல ஒண்ணு. எல்லாத்துக்கும் மஞ்சள் பூசித்தான் வச்சிருக்காங்க. நீங்க கேட்டா வாயத் தொறக்க மாட்டாங்க. நான் கேட்டேன், சொல்லிட்டாங்க. எப்ப அடைக்கப் போறீங்க?”

மூன்று மாதம் நான் ஸ்கூட்டியில் சுற்றிக் கிடைக்காதது அந்தத் தாளில் இருந்தது. ஒவ்வொரு பெயராகப் படித்தேன். கடைசி இரண்டு முகவரியில் நின்றுவிட்டேன்.

“அக்கா, இது ரெண்டும் நண்டலாத்துப் பாலத்துக்கு அந்தப் பக்கம். தமிழ்நாடு. அங்க எங்க பாண்டிச்சேரி ஆபீசுக்கு அதிகாரம் இல்ல.”

“ஏன், மண்ணுக்குக் கீழயும் செக்போஸ்ட்டு போட்டுருக்கா?”

“இல்லதான். ஆனா நான் அங்க போய் ஒரு கிணத்தத் தொட முடியாதுக்கா.”

அக்கா தாளை மடித்து மறுபடி இடுப்பில் செருகிக்கொண்டார்.

“நீங்க தொட வேணாம். அந்த மாரிமுத்து நம்பர மட்டும் குடுங்க” என்றார். “ஒண்ணு எம் பொண்ண கட்டிக் குடுத்த வீடு, இன்னொண்ணு அவ பெரிய மாமனார் வீடு. அடுத்த மாசம் புள்ளையோட அங்க போறா. சம்பந்தி ரெண்டு கொழாயையும் அடைச்சிட்டுச் சொல்லி அனுப்பட்டும், அப்பத்தான் பேத்திய அனுப்புவேன்.”

பத்தே நாளில் இரண்டும் அடைபட்டன.